மூத்தம்மாவின் கோணல் பாய்

எங்கள் கல்லூரிக் கண்காட்சியில் சித்திரங்கள் சுவரில் தொங்கின. பாய்களும் தையல் வேலைகளும் விலைச் சீட்டோடு மேசையில் கிடந்தன. அந்த மேசைக்குப் பொறுப்பாக நின்றவள் நான்தான். "கைவேலை" என்று எழுதி ஒட்டியதும் நான்தான். எனவே யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாங்கள் செய்தது பிழை என்று இப்போது நினைக்கிறேன். காரணம், எங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு பன்பாய்.

2020 மார்ச்சில் மூத்தவாப்பா மௌத்தானார். மூத்தம்மா இத்தா இருக்கத் தொடங்கிய எட்டாம் நாள், மார்ச் 20 மாலை, நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. மற்றக் காலமென்றால் சொந்தக்காரப் பெண்கள் வந்து பக்கத்தில் இருந்து பேசிவிட்டுப் போவார்கள். அந்த முறை யாரும் வரவில்லை. "கொரோனாவில் நாம எல்லாரும் இத்தாதானே இருந்தோம்" என்று பகிடி விடுபவர்களை எனக்குப் பிடிக்காது. நமக்குக் கையில் போன் இருந்தது. மூத்தம்மாவுக்கு அறை மூலையில் சில கட்டுப் பன்தான் இருந்தது.

வாவியோரச் சதுப்பில் வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்த பன். தறி இல்லை, நிலத்தில் இருந்து விரலால் இழைப்பது. வழக்கமாக ஒரு கிழமைக்குள் ஒரு பாயை முடித்துவிடுவார். இந்தப் பாய்க்கு இத்தாக் காலம் முழுவதும் போனது.

விரித்துப் பார்த்தால் தெரியும். மார்ச் கடைசிப் பத்து நாள் மட்டும் இரண்டு முழம். சிவப்பும் பச்சையும், நெருக்கமான இழை. பிறகு சாயப் பன் முடிந்துவிட்டது, கடைகளும் பூட்டு. வெறும் பன். பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்த அந்த ரமழான் மாதம் முழுவதும் நாலு விரல் அகலம்தான். ஓரிடத்தில் இழைத்து, பிரித்து, திரும்பவும் இழைத்திருக்கிறார். அதிலிருந்து ஓரம் கோணிப் போகிறது. "இது எத்தனை நாள் மூத்தம்மா?" என்று கேட்டேன். "ஒரு நாளோ, ஒரு மாசமோ, அல்லாஹ்தான் அறிவான் மகள்" என்றார்.

கலண்டரில் எல்லா நாளுக்கும் ஒரே அளவுக் கட்டம். தனித்திருந்தவருக்கு நாட்கள் அப்படிப் போகவில்லை. அதைப் பாய் சொல்கிறது.

மேல்நாடுகளில் சிலர் நாளுக்கொரு வரிசையாக, அன்றைய வெப்பநிலைக்கேற்ற நிறத்தில் கம்பளி பின்னுகிறார்கள். அதைக் கலை என்கிறோம். அவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள், மூத்தம்மா திட்டமிடவில்லை என்பது உம்மாவின் வாதம். "கோணல் பாய் கோணல் பாய்தான்" என்கிறார். இருக்கலாம். ஆனால் 2020 டிசம்பரில், இருபது நாள் குழந்தையின் ஜனாஸா எரிக்கப்பட்ட பிறகு, பொரளை மயான வேலியில் மக்கள் கட்டிய வெள்ளைத் துணிகளையும் எந்தக் கலைஞரும் திட்டமிடவில்லை. பார்த்தவர்களுக்கு விளங்கியது.

அடுத்த கண்காட்சியில் விலைச் சீட்டு இல்லாமல், எந்த மாதத்தில், எந்த நிலையில் இழைத்தது என்ற குறிப்போடு நம் வீட்டுப் பாய்களையும் சுவரில் தொங்கவிட வேண்டும். உங்கள் வீடுகளிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மூத்தம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. "கோணப் பாயை ஏன் புள்ள ஊருக்குக் காட்டப் போறாய்?" என்கிறார். இப்போது அதில் மிளகாய் காய்கிறது.