பேருந்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் கோடி அதிகமில்லை

2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரை அருகே ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் தரைப்பலகை உடைந்து, பெண் பயணி ஒருவர் அந்த ஓட்டைக்குள் விழுந்தார். இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் அரசுப் பேருந்து வளைவில் திரும்பியபோது நடத்துநர் இருக்கையோடு சாலையில் வந்து விழுந்தார். இரண்டு முறையும் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மாநிலம் முழுவதும் பேருந்துகளை ஆய்வு செய்ய உத்தரவும் பிறந்தது. ஆய்வில் என்ன தெரியவரும் என்பது பணிமனையில் வேலை பார்க்கும் எந்த மெக்கானிக்குக்கும் முன்பே தெரியும். ஓடவேண்டிய காலத்தைத் தாண்டி ஓடும் வண்டிகள் அவை. உரிய நேரத்தில் புதுவண்டி வாங்காதவர்களை யாரும் பணியிடைநீக்கம் செய்வதில்லை.

தமிழ்நாட்டின் 8 போக்குவரத்துக் கழகங்களிடம் ஏறத்தாழ 20,000 பேருந்துகள் இருக்கின்றன. 6 ஆண்டு அல்லது 7 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் நகர, புறநகர்ப் பேருந்தைக் கழித்துவிட வேண்டும் என்பது பழைய விதி. புதுவண்டி வாங்கப் பணமில்லாத நிலையில் அந்த வரம்பு 9 ஆண்டு, 12 லட்சம் கிலோமீட்டர் என நீட்டப்பட்டது. நீட்டிய வரம்பையே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு எளிது. இருக்கும் எண்ணிக்கை குறையாமல் இருக்கவே ஆண்டுக்கு 2,200 புதிய பேருந்துகள் வேண்டும். சாதாரண டீசல் பேருந்து ஒன்றுக்கு 45 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு சுமார் 1,000 கோடி.

இந்தத் தொகை பெரிதாகத் தெரிகிறதா? சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மாநிலம் முழுவதற்குமான ஒரு ஆண்டின் புதிய பேருந்துகளுக்கு ஆகும் செலவில் இரண்டு கிலோமீட்டர் மெட்ரோகூட முடியாது. மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெரிசல் மிகுந்த தடங்களுக்கு அது தேவை. ஆனால் மெட்ரோவுக்கான பணத்தை முதலீடு என்றும், பேருந்துக்கான பணத்தை நட்டக்கணக்கு என்றும் எழுதும் பழக்கத்தை அரசு கைவிட வேண்டும். கூடலூருக்கும் கமுதிக்கும் மெட்ரோ போகப்போவதில்லை. அங்கே அரசு என்றால் காலை ஆறு மணிக்கு வரும் பேருந்துதான்.

நம் பேருந்துக் கொள்முதல் இதுவரை நடந்துவந்த விதம் வேறு. சில ஆண்டுகள் ஒன்றும் வாங்காமல் ஓட்டுவது, பிறகு கடன் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் அறிவிப்பது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் 12,000 பேருந்துகளும் 2,000 மின்சாரப் பேருந்துகளும் வாங்கப்படும் என்ற திட்டம் 2019-லேயே பேசப்பட்டது. நடுவில் பெருந்தொற்று, ஒப்பந்தப்புள்ளித் தாமதம், நீதிமன்ற வழக்கு. அந்தக் கடனில் வாங்கிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலையில் ஓடத் தொடங்கியபோது 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எத்தனை நடைகள் ரத்தாகின, எத்தனை வண்டிகள் நடுவழியில் நின்றன, எவ்வளவு டீசல் வீணானது என்பதெல்லாம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராத செலவு. மொத்தமாக வாங்கிய வண்டிகள் மொத்தமாகவே கிழடாகும் என்பதால் அடுத்த நெருக்கடிக்கும் இப்போதே நாள் குறித்தாயிற்று.

தாழ்தளப் பேருந்தின் விலையைக் காட்டி அதை ஆடம்பரம் என்று ஒதுக்கும் வாதமும் நீதிமன்றம்வரை போனது. சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு வாங்கிய 552 தாழ்தளப் பேருந்துகளின் ஒப்பந்தம் சுமார் 500 கோடி. அதாவது ஒன்றுக்கு 90 லட்சம் அளவில், சாதாரண வண்டியைப்போல் இரு மடங்கு. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறிப் பயணிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமை. மூட்டுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், மூட்டை முடிச்சோடு சந்தைக்குப் போகும் வியாபாரிகள் என எல்லோருக்கும் அந்த வசதி பயன்படுகிறது. சாலை இடம் கொடுக்கும் நகரங்களில் இனி தாழ்தளமே பொதுவிதியாக இருக்க வேண்டும். கூடுதல் விலையை அரசு ஏற்க வேண்டும்.

இப்போது வேறொரு வழி வந்திருக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மதிப்பு 207.90 கோடி, வண்டி ஒன்றுக்கு 1.73 கோடி. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஏ.சி. இல்லாத வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 77 ரூபாய் வீதம் 12 ஆண்டுகளுக்குக் கழகம் கொடுக்கும். நாளுக்கு 200 கிலோமீட்டர் என்றால் ஒரு பேருந்துக்கு ஆண்டுக்கு 56 லட்சம் ரூபாய் ஆகிறது. கொள்முதல் செலவு மறைந்துவிடவில்லை, மாதத் தவணையாக உருமாறியிருக்கிறது.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் சரியல்ல. 2021-இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம் என்றது. நட்டமே அவ்வளவு இருக்கும்போது 77 ரூபாய்ச் செலவு மலைக்கத்தக்கதல்ல. புகையில்லை, இரைச்சல் குறைவு என்ற நன்மைகளும் உண்டு. ஆனால் இது தனியார்மயமாகிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எழுப்பும் அச்சத்துக்கு விடை வேண்டும். பணிமனை நிலம் என்றும் அரசுடையதாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முழுவதும், ஒவ்வொரு தடத்திலும் கிலோமீட்டருக்கான வரவு செலவும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சொந்த வண்டியைவிட இது மலிவா, விலை உயர்வா என்பதை மக்கள் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பணம் எங்கிருந்து வரும்? முதலில், வரி. 10 பேரோ அதற்கு மேலோ ஏறும் பேருந்துக்கு 2025 செப்டம்பர் 21 வரை 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்தது, பிறகு 18 ஆனது. 40 லட்சம் விலையுள்ள வண்டிக்கு இன்னும் 7.2 லட்சம் வரி. சாதாரணப் பேருந்துக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் வண்டி வாங்கக் கட்டிய வரியைக் கழகங்கள் திரும்பப் பெறவும் முடியாது. மின்சார வண்டிக்கு 5 விழுக்காடுதான். பணக்காரர் வாங்கும் மின்சாரக் காருக்குக் கிடைக்கும் சலுகை, கூலித் தொழிலாளி ஏறும் டீசல் பேருந்துக்குக் கிடையாதா? அரசுக் கழகங்கள் வாங்கும் எல்லாப் பேருந்துக்கும் 5 விழுக்காடு என்று ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடு வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவது, கட்டணம். 2018 ஜனவரியில் ஒரே நாளில் கடுமையாக உயர்த்தி மக்களைத் திணறவைத்தார்கள். அந்தச் சூடு பட்ட பிறகு பல ஆண்டுகள் யாரும் கட்டணத்தைத் தொடவில்லை. அந்த 2018 உயர்வின்போது சென்னையில் டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழ். பின்னர் அது 90-ஐத் தாண்டியது. கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பது நியாயமான அரசியல் முடிவாக இருக்கலாம். அப்படியானால் வித்தியாசத்தை அரசு கொடுக்க வேண்டும். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ஒதுக்கினார்கள். நல்ல திட்டம், நாமும் வரவேற்கிறோம். ஆனால் அது பயணச்சீட்டுக்கான ஈடு. அதில் டயரும் டீசலும் சம்பளமும் போக, வண்டி வாங்க மிஞ்சுவது எதுவுமில்லை. உயர்த்தவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்றால் அந்தச் சுமை துருப்பிடித்த தரைப்பலகையின்மேல்தான் போய் விழும்.

எனவே நாம் கேட்பது இது. பேருந்துப் புதுப்பிப்பு நிதி என்று தனித் தலைப்பை மாநில நிதிநிலை அறிக்கையில் திறந்து, ஆண்டுக்கு 1,000 கோடிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அந்தப் பணத்தைச் சம்பள நிலுவைக்கோ பழைய கடனுக்கோ திருப்பக் கூடாது என்று விதி செய்யுங்கள். நிலுவைகளுக்குத் தனியே வழி தேடுங்கள். ஒவ்வொரு கழகமும் எத்தனை வண்டிகள் வரம்பைத் தாண்டி ஓடுகின்றன என்பதை மாதந்தோறும் வெளியிடட்டும். கடனும் மின்சாரப் பேருந்து ஒப்பந்தமும் இதற்கு மேலாக வரட்டும். இதற்கு மாற்றாக வரக் கூடாது. ஆட்சி மாறினாலும் ஆண்டுக்கு 2,200 என்ற எண் மாறாதிருந்தால், பேருந்து வாங்குவது கொடியசைக்கும் விழாவாக இல்லாமல் அரசின் அன்றாட வேலையாகும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் எத்தனை திட்டங்கள் இருக்கின்றன என்று பார்க்கும்போது, இந்த ஒரு வரி இருக்கிறதா என்பதையும் மக்கள் பார்க்க வேண்டும்.