கடலே இல்லாத ஊருக்குப் பதக்கம்... நம்ம கரைப் பிள்ளைகளுக்கு?



2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. சிறுமியருக்கான ஐஎல்சிஏ-4 பாய்மரப் படகுப் பிரிவில் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர் நேஹா தாக்கூர். அப்போ வயசு 17. சொந்த ஊர் மத்தியப் பிரதேசத்து தேவாஸ் மாவட்டம், அப்பா விவசாயி. பயிற்சி எடுத்தது போபால் ஏரியில். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது!

இப்போ நம்ம பெரியபட்டினம் கரைக்கு வாங்க. இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, கொஞ்ச தூரம் வடக்கே போனா பாக் நீரிணை. ஆண் கடல், பெண் கடல்னு நம்ம ஆட்கள் பேரே வச்சிருக்காங்க. கச்சான் காலத்தில் ஒன்று கொந்தளிச்சா மற்றது அடங்கிக் கிடக்கும். வாடை வந்தா கதை தலைகீழ். இதை எந்தக் கோச்சும் சொல்லித் தரல. பத்து வயசுப் பையன் கரையில நின்னு பார்த்தே சொல்லிடுவான்.

தொண்டி, நம்புதாளை பக்கம் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். காற்றில் படகு சாயும்போது குறுக்கே நீட்டின பலகையில ஏறி, கடலுக்கு மேல உடம்பைச் சாய்ச்சு சமன் செய்வாங்க. ஒலிம்பிக் 49இஆர் படகில் கம்பியில் தொங்கிக்கிட்டு வீரர்கள் செய்வதும் இதே வேலைதான். அங்கே அதுக்குப் பேரு விளையாட்டு. இங்கே திருவிழா வேடிக்கை, மறுநாள் பேப்பர்ல ஒரு ஓரத்துச் செய்தி.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரம் ஓட்டினவங்க நாலு பேர். நாலு பேருமே தமிழ்நாடு! நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி மூணு பேரும் சென்னை. விஷ்ணு சரவணன் வேலூர், ராணுவ வீரர். அவர்களின் உழைப்புக்கு நம் வணக்கம். ஆனா மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தர்கூட அந்த நால்வரில் இல்லை. திறமை இல்லாமலா? பந்தயப் படகு லட்சக் கணக்கில் விலை. பயிற்சியோ பெரும்பாலும் கிளப்புகளிடம். வலைக்கடனே தீராத வீட்டில் யார் வாங்கித் தருவா?

அதனால்தான் நம்ம மாவட்டத்து பிரப்பன்வலசையில் அரசு அறிவித்த ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி நமக்கு முக்கியம். வரவேற்கிறோம். ஆனால் அங்கே யார் படகு ஓட்டப் போறாங்க என்பதுதான் கேள்வி. சுற்றுலா வருபவர்கள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து செல்ஃபி எடுக்கவா? பெரியபட்டினம், முத்துப்பேட்டை, மண்டபம், தொண்டி அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தேர்வு செய்யுங்கள். முன்அனுபவச் சான்றிதழ் கேட்காதீர்கள், தண்ணியில இறக்கிப் பாருங்கள். படகும் விடுதியும் இலவசமாக இருக்கணும். உதவிப் பயிற்சியாளராக நம்ம கரையில பாய் பிடிச்ச பெரியவர்களையும் சேருங்கள். பொண்ணுங்களுக்குப் பாதி இடம். பாசி எடுக்க மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிற தாய்மார்களின் மகள்களுக்குக் கடல் பயம் காட்டவா வேணும்?

முதலமைச்சர் கோப்பையிலும் நம்ம பாய்மரப் படகுப் போட்டிக்கு ஒரு இடம் வேண்டும். பதக்கம் வாங்கினா கடற்படை, ராணுவம், ரயில்வேன்னு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கு. எல்லை தாண்டினதா கைது, படகு பறிமுதல்னு மட்டுமே செய்தியில் வர்ற கரை இது. இன்னொரு காரணத்துக்காகவும் இதன் பேர் வரட்டுமே.

உங்க ஊரில் பாய் பிடிக்கத் தெரிஞ்ச பிள்ளைகள் எத்தனை பேர்? பேர் வேண்டாம், ஊரும் எண்ணிக்கையும் மட்டும் கமெண்டில் போடுங்க. கோரிக்கை மனுவோடு சேர்க்கிறோம்.