வாயிலில் ஒரு நிலையப் பலகை

தலைமன்னாரில் நண்பரொருவர் தம் வீட்டு இலக்கத்தையும் பெயரையும் புகையிரத நிலையப் பலகையின் பாணியில் எழுதுவித்து வாயிலில் நாட்டியிருக்கிறார். தகட்டில் தடித்த எழுத்து. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழி. ஊரார் சிலர் நகைக்கின்றனர். நான் நகைக்கமாட்டேன்.

நிலையப் பலகை ஊர்க்காரனுக்காக எழுதப்படுவதன்று. வண்டியின் சாளரத்தினூடே எட்டிப் பார்க்கும் அயலானுக்காக எழுதப்படுவது. ஆதலால் அதில் அலங்காரத்துக்கு இடமில்லை. நம் புதுமனைகளிலோ இலக்கம் கருங்கல்லின்மேல் பொன்னிறக் கொடியாய்ச் சுருண்டு கிடக்கிறது. தபாற்காரர் சைக்கிளை விட்டிறங்கி, முகத்தை அருகே கொண்டுசென்று படிக்கவேண்டும். வீட்டுப் பெயரோ, தமிழ்ப் பெயராயினும், ஆங்கில எழுத்தில் மட்டும்!

இத்தீவினர்க்கு அப்பலகையில் பற்றுண்டாதல் இயல்பே. தனுஷ்கோடிக்குக் கப்பலேறுவோரை ஏற்றிவந்த இருப்புப்பாதை 1914இல் திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போர் இக்கரை வண்டியையும் நிறுத்திற்று. வடபுலத்துத் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2015 மார்ச்சில் வண்டி மீண்டும் தலைமன்னார் இறங்குதுறைக்கு வரும்வரை இவ்வூர்ப் பிள்ளைகள் அதன் ஒலி கேளாமலே வளர்ந்தனர்.

ஒன்றுக்கு மட்டும் உடன்படேன்: பழைய நிலையத்தின் அசல் தகட்டைக் கழற்றிவந்து வீட்டில் மாட்டுவது. எஞ்சியதே சொற்பம், அதுவும் பொதுச்சொத்து. பாணியை எடுத்துக்கொள்ளட்டும், பலகை நிலையத்திலேயே இருக்கட்டும்.

நண்பரின் பலகையில் தமிழ்வரி மற்ற இரண்டினும் சிறுத்திருந்தது. சொன்னேன். வருகின்ற ஞாயிறன்று மாற்றி எழுதுவிப்பதாகக் கூறியிருக்கிறார்.