வயலும் வாசலும்

கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ நகருக்கு அருகே டேவிஸ் என்னும் பல்கலைக்கழக ஊர் உண்டு. ஊரைச் சூழ்ந்த விளைநிலத்தில் வீடு எழுப்ப மக்கள் வாக்களித்து இசையவேண்டும் என 2000-ஆம் ஆண்டில் அவ்வூரார் விதி வகுத்தனர். 2010-லும் 2020-லும் அதைப் புதுப்பித்தனர். வயலைக் காப்பது நற்செயலே. நாம் அதை மறுக்கவில்லை. ஆயினும் மாணவர் பெருகிய அளவுக்கு வீடுகள் பெருகவில்லை; வாடகை ஏறிற்று. நிஷி என்னும் நிலத்தில் குடியிருப்பு அமைக்கும் திட்டத்தை 2016-இல் வாக்காளர் மறுத்தனர்; மாற்றியமைத்தபின் 2018-இல் ஏற்றனர்.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. ஊருக்குள் வசிப்பவர் வாக்களிக்கின்றனர். வாடகை தாளாது அண்டை ஊரில் தங்கி, நாள்தோறும் வேலைக்கு வந்துபோகும் ஊழியருக்கோ அங்கு வாக்கில்லை. அவர்க்காகவும் சிந்தித்து வாக்களிப்பது உள்ளிருப்போர் கடமையன்றோ?