கெப்புக்கு அகலம் கூடுது, பிள்ளைகளுக்குப் பாதை குறையுது



இந்தப் பதிவு ஊரில் சில பேருக்குக் கசக்கும். கசக்கட்டும். கொஞ்ச நாளாக ஆசிரியர் அறையில் எங்களுக்குள்ளே பேசிக்கொண்டிருந்த விசயத்தை இப்போது பொதுவில் வைக்கிறோம். எமது ஊர் டபுள் கெப்களுக்குப் பூட்டுகிற ஸ்பேசர் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தெரியாத உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் முதலில் சொல்லிவிடுகிறோம். சக்கரத்துக்கும் அது பூட்டப்படுகிற ஹப்புக்கும் நடுவில் செருகுகிற வட்டத் தகடுதான் ஸ்பேசர். அதைப் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 30 மில்லிமீற்றர் ஸ்பேசரை இரண்டு பக்கமும் போட்டால் வாகனம் 60 மில்லிமீற்றர் அகலித்துவிடும். டயர் மட்காட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். "மச்சான், இப்பதான் கெப்பு கெப்பு மாதிரி இருக்கு" என்று கூட்டாளிமார் சொல்வார்கள். இதற்குத்தான் இவ்வளவு செலவும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் புது வாகனம் எடுக்க முடியாதவர்கள் பழைய வாகனத்தைச் சோடிக்கத் தொடங்கினார்கள். பெயின்ட் அடித்தார்கள், சீட் மாற்றினார்கள், வேறு வாகனத்து அலோய் வீலைத் தேடி வாங்கினார்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை. உழைத்த காசு, ஆசைப்பட்ட வாகனம். ஆனால் வாகனத்தைத் தூக்கி ஓடுகிற இடத்தில் கை வைப்பது சோடனை ஆகாது.

ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, நட். ஹைலக்ஸ், எல்200 போன்ற கெப்களில் சக்கரத்துக்கு ஆறு ஸ்டட். ஒவ்வொன்றும் 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி ஒன்றுக்கு 1.5 மில்லிமீற்றர். நட் பத்திரமாகப் பிடிப்பதற்கு ஸ்டட்டின் தடிப்பு அளவுக்காவது புரி உள்ளே போகவேண்டும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதாவது எட்டுச் சுற்று. பழைய ஸ்டட்டை மாற்றாமல் 10 மில்லிமீற்றர் தகட்டை நடுவில் செருகினால் ஆறு சுற்றுக்கு மேல் அந்தத் தகடே விழுங்கிவிடும். மிச்சம் எத்தனை? நான்காம் வகுப்புப் பிள்ளை கழித்துச் சொல்லும். நட் இறுகினது மாதிரித்தான் தெரியும். பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு மூன்று புரியாக இருக்கும்.

இரண்டாவது, நடு ஓட்டை. இதுதான் எமது ஊரில் நடக்கிற பெரிய ஏமாற்று. ஹைலக்ஸுக்கும் எல்200க்கும் ரேஞ்சருக்கும் ஆறு ஓட்டைதான். அந்த ஓட்டைகள் நிற்கிற வட்டமும் 139.7 மில்லிமீற்றர்தான். "எல்லாம் ஒரே சைஸ்தான் காக்கா, போடலாம்" என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தருகிறார்கள். ஒரே சைஸ் இல்லை. ஹைலக்ஸ் வீலின் நடு ஓட்டை 106.1 மில்லிமீற்றர். எல்200க்கு 67.1. ரேஞ்சருக்கு 93.1. ஹைலக்ஸுக்குச் செய்த ஸ்பேசரை எல்200இல் போட்டால் ஹப்பைச் சுற்றி வெறும் இடைவெளிதான் இருக்கும். சக்கரம் நடுவில் உட்காராது, ஆறு நட்டின் தயவில் தொங்கும். கொஞ்சம் விலகி இறுகினாலும் ஓடும்போது ஆடும். ஆடுகிற சக்கரம் நட்டைத் தளர்த்தும், தளர்ந்த நட் சக்கரத்தை இன்னும் ஆட்டும்.

மூன்றாவது, பெயாரிங். நாங்கள் வகுப்பில் விசையின் திரும்பல் படிப்பிக்கிறோம். தண்ணீர் வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? வாளி அதே வாளிதான், தோள்மூட்டுத்தான் கதறும். சுமையேற்றிய கெப்பின் பின் சக்கரம் ஒன்றில் 700 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளினால் 210 நியூட்டன் மீற்றர் மேலதிகத் திருப்பம் அந்த அச்சுக்கும் பெயாரிங்குக்கும் வரும். அது நின்ற இடத்தில். வட்டைப் பாதையில் நெல் மூடை ஏற்றிக்கொண்டு குழிக்குள் விழுந்து எழும்பும்போது அது பல மடங்கு. கம்பனிக்காரன் பெயாரிங் செய்தபோது இந்தக் கணக்கைப் போட்டுச் செய்யவில்லை.

நான்காவது, ஸ்டியரிங். முன் சக்கரம் வெளியே போனால் அது திரும்புகிற அச்சுக்கும் டயர் ரோட்டில் படுகிற இடத்துக்கும் தூரம் கூடும். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும். ரோட்டோரம் பிள்ளைகள் நடந்து போகிற நேரத்தில் அந்த ஒரு முழ விலகல் போதும்.

ஐந்தாவது, எமது கடற்காற்று. இரும்பு ஹப்பில் அலுமினியத் தகடு. நடுவில் உப்பு ஈரம். இரண்டும் ஒன்றையொன்று அரித்துக்கொண்டு ஒட்டிப்பிடிக்கும். சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட் மட்டுமில்லை. நட் இறுக்குகிற இறுக்கத்தில் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று கவ்வி நிற்பதுதான் தாங்குகிறது. அந்த முகத்தில் துருவும் மண்ணும் பெயின்டும் இருந்தால் இன்று இறுக்கினது நாளை இறுக்கமாக இருக்காது. போல்ட் வைத்த ஸ்பேசர் என்றால் சக்கரத்துக்கு ஆறு நட் இருந்த இடத்தில் பன்னிரண்டு. அதில் ஆறு சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். கழற்றினால்தான் தெரியும். யார் கழற்றிப் பார்க்கிறார்கள்?

இனி எங்களிடம் சொல்லப்பட்ட நியாயங்களுக்கு வருவோம்.

"சேர், அகலம் கூடினால் வாகனம் புரளாதே" என்றார் ஒரு தம்பி. அதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டோம். ஆனால் எவ்வளவு? சுமார் 1500 மில்லிமீற்றரில் 60 கூடினால் நூற்றுக்கு நான்கு. அதே தம்பி வாகனத்தை உயர்த்தியும் இருக்கிறார். அகலத்தில் கிடைத்த நன்மையை உயரத்தில் கொடுத்துவிட்டு யாரிடம் கணக்குச் சொல்வது? புரளாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. காலை மெதுவாக வையுங்கள்.

"வெளிநாட்டில் போடுகிறார்கள்தானே?" போடுகிறார்கள். போர்ஷே கம்பனி தன்னுடைய கார்களுக்குத் தானே ஸ்பேசர் விற்கிறது. அந்தக் காருக்கென்று அளந்து, அதற்கென்று நீளமான போல்ட்டோடு விற்கிறது. ஜேர்மனியில் போட்டால் பரிசோதித்து அங்கீகாரம் எடுக்கவேண்டும். கெப்களும் ஜீப்களும் நிறைந்த அவுஸ்திரேலியாவில், கம்பனியே பூட்டி அனுப்பாத ஸ்பேசரை வாகன மாற்ற விதிக்கோவை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டை உதாரணம் காட்டுகிறவர் அந்தச் சட்டத்தையும் சேர்த்துக் காட்டவேண்டும். வாகனத்துக்கென்று அளந்து செய்த நல்ல பொருளும், லேத்தில் ஒரு துண்டு அலுமினியத்தைக் கடைந்து ஆறு ஓட்டை போட்ட பொருளும் பெயரில்தான் ஒன்று.

"இவ்வளவு நாள் ஓடினேன், ஒன்றும் நடக்கவில்லை." உலோகம் களைத்து உடைகிறது என்பதன் அர்த்தமே அதுதான். நேற்று வரைக்கும் ஒன்றும் நடக்காது. வெடிப்பு உள்ளுக்குள்ளே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மயிரிழை வளரும். முதலாவது ஸ்டட் முறிந்தால் அதன் பாரத்தை மிச்சம் ஐந்தும் சுமக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போவதற்கு நாள் எடுக்காது.

"என் வாகனம், என் காசு." இதற்குத்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. கழன்ற சக்கரம் உங்கள் வாகனத்தோடு நிற்பதில்லை. கெப் இருபது முப்பது யார் இழுபட்டு நின்றுவிடும், நீங்கள் பெல்ட் போட்டு உள்ளே இருப்பீர்கள். சக்கரம் வந்த வேகத்திலேயே தனியாக உருண்டு போகும். அக்கரைப்பற்றிலிருந்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஏ4 பாதை ஊர்களுக்கு நடுவால்தான் போகிறது. பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் சந்தையும் அதன் ஓரத்தில்தான். உருண்டு வருகிற சக்கரம் யாருடைய பிள்ளை என்று கேட்காது.

பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் கேட்டடியில் நிற்பது நாங்கள்தான். ஒரு கையில் தம்பியையும் மறு கையில் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு கடக்கிற பிள்ளைகளை எண்ணி அனுப்புவது நாங்கள்தான். மட்காட்டுக்கு வெளியே நிற்கிற டயர் எறிகிற கல் சைக்கிளில் போகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். சாரதிக்கு அது தெரியவே தெரியாது.

பொலிஸ் பார்க்கட்டும் என்கிறீர்களா? 2025 ஜனவரியில் வாகனங்களில் பாதுகாப்பற்ற மேலதிகப் பொருட்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியது. கண்ணுக்குத் தெரிகிற சோடனைக்கும் காதுக்குக் கேட்கிற ஹோர்னுக்கும் பயந்து பல பேர் கழற்றினார்கள். ஸ்பேசர் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ரோட்டில் நிற்கிற பொலிஸுக்கு அது தெரியாமல் போகலாம். போட்டவருக்கும், போட்டுக் கொடுத்த பாஸுக்கும், காசு கொடுத்த வாப்பாவுக்கும் தெரியும். அறிவிக்காமல் செய்த மாற்றம் காப்புறுதிக் கம்பனிக்கும் ஒருநாள் தெரியவரும். அது நட்ட ஈடு கேட்கப் போகிற நாளாக இருக்கும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

கெப் வைத்திருக்கிற காக்காமாரே, தம்பிமாரே: ஸ்பேசர் போட்டிருந்தால் இந்தக் கிழமையே கழற்றுங்கள். கழற்றும்போது ஸ்டட்டைப் பாருங்கள். புரி தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் மாற்றுங்கள். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கைநூலில் சொன்ன அளவுக்கு டோர்க் ரெஞ்சால் நட்சத்திரக் கோலமாக இறுக்குங்கள். நூறு கிலோமீற்றருக்குள் மறுபடி ஒருதடவை பாருங்கள். அகலமாகத் தெரியவேண்டும் என்று ஆசையென்றால் உங்கள் வாகனத்துக்கென்று வருகிற சரியான அளவு வீலை வாங்குங்கள். காசு சேரவில்லையென்றால் சேரும் வரைக்கும் பொறுங்கள். கழற்ற மனமில்லாதவர் குறைந்தது பிள்ளைகளை ஏற்றி டியூசனுக்கு ஓடாதீர்கள், பின்பெட்டியில் ஆட்களை நிற்கவைத்துக் கல்யாண ஊர்வலம் போகாதீர்கள்.

லேத் வைத்திருக்கிற பாஸ்மாரே: உங்கள் கைத்திறமையால்தான் இந்த ஊரின் உழவு மெசினும் படகும் ஓடுகின்றன. அந்தக் கையால் இதைக் கடைந்து கொடுக்காதீர்கள். "இவன் செய்யாவிட்டால் அடுத்தவன் செய்வான்" என்பது எந்த வியாபாரத்துக்கும் நியாயமில்லை.

வாப்பாமாரே: மகன் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பதில் "வடிவுக்கு" என்றால் காசை மடியிலேயே வையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தாரே: பாதையில் கிடக்கிற தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். முள்ளையும் கல்லையும் மட்டும் உதாரணம் காட்டுகிறோம். ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிசம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கீழே எழுதலாம். எங்கள் கணக்கில் எங்கே பிழை என்று எண்ணோடு எழுதுங்கள். "சேர்மாருக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வாகனத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும். பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாகத் தெரியும். தினமும் காலையில் இடாப்பில் கூப்பிடுகிறோம். ஒரு பெயருக்கும் பதில் வராமல் போகக் கூடாது.