கடல் கடந்த பாட்டும் கழற்றப்பட்ட பெயரும்

கலைக்குத் தேசமில்லை என்று சொல்வோர் பலர். அவர்களோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் கலைச் சந்தைக்குத் தேசமுண்டு; அதற்குச் சுங்கச் சாவடியும் உண்டு. அச்சாவடியிலே ஆசியக் கலைஞன் செலுத்தும் வரி யாது என்பதே நமது வினா. யப்பானியப் பாடகர்கள் மேலைநாட்டை எட்ட முயன்ற வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1963 யூன் மாதத்தில் சகமோட்டோ கியூ என்னும் 21 வயது இளைஞர் யப்பானிய மொழியிலே பாடிய பாட்டொன்று, அமெரிக்காவின் பில்போர்ட் வரிசையில் முதலிடம் பெற்று மூன்று வாரம் அங்கே நிலைத்தது. கீழைநாட்டவர் ஒருவர் அமெரிக்காவை வென்றார் என்று இன்றும் இதனைக் கொண்டாடுவோர் உளர். வென்றது யார்?

அப்பாட்டின் பிறப்பை நோக்குக. 1960 இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து யப்பானிய மாணவரும் தொழிலாளரும் இலட்சக் கணக்கில் தெருவில் இறங்கினர். யூன் 15 இல் பாராளுமன்ற வளவினுள் நிகழ்ந்த மோதலிலே கன்பா மிச்சிகோ என்னும் பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது. அந்நிய இராணுவத் தளங்கள் நிலைத்தன. அவ்வெதிர்ப்பில் கலந்துகொண்டு மனம் உடைந்து திரும்பிய ஏய் ரொக்குசுக்கே, அக்கசப்பிலிருந்து எழுதிய பாட்டே இது. நக்கமுரா ஹச்சிடாய் இசையமைத்தார். 'மேல் நோக்கி நடப்போம்' என்பது அதன் பெயர். பாட்டிலே அரசியற் சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால் தோற்றும் தலைகுனிய மறுத்த ஒரு தலைமுறையின் துயர் அதில் உறைந்துள்ளது.

அப்பெயருக்கு நேர்ந்த கதி யாது? பிரித்தானிய இசைத்தட்டுக் கம்பனி ஒன்று இம்மெட்டைத் தன் வாத்தியக் குழுவைக் கொண்டு வெளியிட்டபொழுது, யப்பானியப் பெயர் தம் மக்களின் வாயில் நுழையாதெனக் கருதி, 'சுக்கியாக்கி' என்று பெயர் சூட்டியது. சுக்கியாக்கி என்பது மாட்டிறைச்சியும் மரக்கறியும் இட்டுச் சமைக்கும் ஓர் உணவு. அமெரிக்கக் கம்பனியும் அப்பெயரையே ஒட்டிச் சகமோட்டோவின் தட்டை விற்றது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டொன்றுக்கு 'மீன்குழம்பு' என்று தலைப்பிட்டுக் கடல் கடந்து விற்றால் நாம் அதனை வெற்றி என்போமா?

'பெயரில் என்ன இருக்கிறது? மெட்டு மக்களின் நெஞ்சைத் தொட்டதே' என்பர் சிலர். மெட்டு தொட்டது உண்மை. பொருள் அறியாமலே கோடிக் கணக்கானோர் உருகினர் என்பது அம்மக்களின் பெருமை. அவர்களை நாம் குறைகூறோம். நாம் சாடுவது, கேட்கச் செவியிருந்த மக்களிடம் பொருளைச் சேர்க்காது மறைத்த வாணிகத்தையே. எந்த வல்லரசின் தளங்களை எதிர்த்த வேதனையிலே பாட்டு பிறந்ததோ, அந்நாட்டிலேயே அது உணவுக் கடைப் பெயரோடு உலாவியது. 1981 இல் ஆங்கிலச் சொற்கள் இட்டு மீண்டும் பாடப்பட்டபொழுது அது வெறும் காதற் பிரிவுப் பாட்டாயிற்று. மூன்றாம் இடம்வரை ஏறியும் விட்டது.

அப்படியாயின் ஆங்கிலத்திலேயே பாடினால் கதவு திறக்குமா? யப்பானிலே கொடிகட்டிப் பறந்த 'பிங் லேடி' என்னும் இரு நங்கையர் 1979 இல் ஆங்கிலப் பாட்டொன்றோடு சென்றனர். 37 ஆம் இடம் கிடைத்தது. 1980 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அவர்களுக்கு நிகழ்ச்சியொன்றும் அளித்தது. ஆங்கிலம் அறியாத அவர்கள் ஒலியை மனனஞ் செய்து ஒப்பித்தனர். மொழி தெரியாமையே நகைச்சுவையாக்கப்பட்டது. நீச்சலுடையில் வெந்நீர்த் தொட்டியில் இறக்கப்பட்டனர். ஐந்து வாரத்தில் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. நாவையும் கொடுத்து மானத்தையும் கொடுத்துப் பெற்றது இவ்வளவே.

மொழிதான் தடை என்பதும் பொய். உத்தாதா ஹிக்காரு நியூயோர்க்கில் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்கு அயல்மொழியன்று. 1999 இல் வெளிவந்த அவரது முதல் யப்பானிய இசைத்தொகுப்பு அந்நாட்டு விற்பனை வரலாற்றிலேயே முதலிடம் பெற்றது. அவரே 2004 இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு அமெரிக்க வரிசையில் 160 ஆம் இடத்தோடு நின்றது. ஆற்றலில் குறையில்லை, மொழியிலும் குறையில்லை. எனின் வாயிற்காவலன் எதைக் கேட்கிறான்? தான் முன்னரே வரைந்து வைத்த கீழைநாட்டுச் சித்திரத்தைக் கேட்கிறான். அதற்குள் அடங்காதவரை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, கலைஞர் எல்லை கடத்தல் ஆகாது என்பது நமது வாதமன்று. கிணற்றுத் தவளை வாழ்வை எவரும் விரும்பார். பிறர் வரிசையில் பெற்ற எண்ணைக் கலையின் பெறுமதிக்கு உரைகல்லாக்குதல் ஆகாது என்பதே நமது வாதம். அவ்வுரைகல்லை ஏந்தித் திரிவோர் மேலைநாட்டில் மட்டுமல்லர், நம் நடுவிலும் உளர்.

சகமோட்டோ 1985 ஓகஸ்ட் 12 இல், 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்திலே மாண்டார். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் கடற்கோளும் யப்பானின் வடகிழக்கைச் சிதைத்தபொழுது, அந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் தேற்ற அவரது பாட்டை மீண்டும் எடுத்தனர். எவரும் அதனைச் சுக்கியாக்கி என்று அழைக்கவில்லை. பெயர் சூட்டும் உரிமை எவருடையது என்பதற்கு இதனினும் தெளிவான தீர்ப்பு வேண்டுமோ?