கல்லைப் புரட்டு... ரிசல்ட்டைப் பாரு!

ஓடைத் தண்ணி பார்க்க பளிங்கு மாதிரி இருக்கு. அதுக்காக 'சுத்தம்'னு சர்டிஃபிகேட் கொடுத்துடலாமா? கூடாது பாஸ்! விஷம் கலந்திருந்தாலும் தண்ணி பளபளன்னு இருக்கலாம். சரி, பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால்? பிடித்த அந்த நிமிஷத்துத் தண்ணியைப் பத்தி லேப் சொல்லிடும். ஆனால், முந்தாநாள் ராத்திரி யாரோ திறந்துவிட்ட கழிவு, விடியறதுக்குள்ள பல கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்குமே... அதை யார் சொல்வது?

இருக்காங்க சாட்சிகள். கல்லுக்கு அடியில் குடியிருக்கும் பூச்சிகள்!

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை... இந்த மூணு பேர்தான் ஹீரோக்கள். மேஃப்ளை இறக்கை முளைத்துப் பறப்பது சில மணி நேரமோ, ஓரிரு நாளோதான். அதுக்கு முன்னாடி வாரக்கணக்கில், மாசக்கணக்கில் தண்ணிக்குள்ளதான் வாசம். கேடிஸ்ஃப்ளையில் பல வகைகள் மணலையும் இலைத்துணுக்கையும் பட்டு இழையால் ஒட்டி வீடே கட்டிக்கும்! கழிவு வந்தால் சட்டுனு ஓட முடியாது. அதனால், ஓடைக்கு நடந்தது எல்லாம் இவங்களுக்கும் நடக்கும்.

சாக்கடை கலந்தால் பாக்டீரியா பெருகி, தண்ணியில் இருக்கும் ஆக்சிஜனைக் காலி பண்ணிடும். முதல்ல அவுட் ஆவது பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. கடைசி வரைக்கும் நாட் அவுட்டா நிற்பது சிவப்புப் புழு. மீன் தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்... 'ப்ளட் வார்ம்'! அதன் உடம்பில் நம்ம ரத்தத்தில் இருப்பது போல ஹீமோகுளோபின் இருக்கு. குறைச்சலான ஆக்சிஜனிலும் சமாளிச்சுடும்.

இதை வெச்சு மார்க் போடும் முறை பிரிட்டனில் உருவானது. பேரு பி.எம்.டபிள்யூ.பி. (காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!). சென்சிட்டிவ் குடும்பத்துப் பூச்சிக்கு 10, சிவப்புப் புழுவுக்கு 2. மொத்த மார்க்கை, கிடைத்த குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓடையின் ஆவரேஜ் ரெடி. இதே அடிப்படையில் நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 'ஏ' முதல் 'ஈ' வரை தண்ணிக்கு கிரேடு வகுத்திருக்கு.

இதெல்லாம் சயின்டிஸ்ட் வேலைன்னு நினைக்கிறீங்களா? 2013 ஜூலையில் இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் நடந்ததைக் கேளுங்க. அங்கே பூச்சிகளை வழக்கமா எண்ணி வந்தவங்க சாதாரண தன்னார்வலர்கள். அந்த முறை வலை போட்டால்... பூச்சிகளும் குட்டி இறால்களும் கொத்துக் கொத்தா காலி! மார்ல்பரோ ஊருக்குக் கீழே சுமார் 15 கிலோமீட்டருக்கு இதே கதை. டெஸ்ட் பண்ணியதில் சிக்கியது குளோர்பைரிஃபாஸ். நம்ம ஊரில் கரையானுக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லிதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியா ஆற்றில் கலந்திருந்தது. மாசா மாசம் எண்ணி வெச்ச நோட்டு இல்லைன்னா, இது எப்போ வெளியே வந்திருக்கும்?

நமக்கும் இது புதுசு இல்லை. மதுரைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கே.ஜி.சிவராமகிருஷ்ணன், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மேஃப்ளைகளைப் பல வருஷம் ஆராய்ந்தவர். ஒரு கல்லூரியில் இருந்தே செய்ய முடிந்த வேலை இது!

நீங்க ரெடியா? வெள்ளைத் தட்டு, சின்ன வலை, பூதக்கண்ணாடி, நோட்டு... அவ்வளவுதான் பட்ஜெட். வலையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டம் வரும் பக்கத்துக் கல்லைப் புரட்டுங்க. வாலில் பெரும்பாலும் மூணு இழை, வயிற்றோரம் செவுள்னா மேஃப்ளை. ரெண்டே இழைன்னா ஸ்டோன்ஃப்ளை. எண்ணி முடித்ததும் பூச்சிகளைத் தண்ணியிலேயே விட்டுடுங்க. முழங்காலுக்கு மேல் தண்ணின்னா இறங்காதீங்க. காட்டு ஓடைன்னா வனத்துறை பர்மிஷன் முக்கியம்.

ஒரு விஷயம்... சமவெளியில் மெதுவா ஓடும் சூடான தண்ணியில் ஸ்டோன்ஃப்ளை இயல்பாகவே இருக்காது. அதுக்காக ஆற்றை ஃபெயில் ஆக்கிடாதீங்க! ஊருக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம்னு எண்ணி ஒப்பிட்டுப் பாருங்க. மாசா மாசம் அதே இடத்தில், அதே மாதிரி எண்ணுங்க.

ஒரு நாள் எண்ணினால் அது பிக்னிக். ஒரு வருஷம் எண்ணினால் அது ஆதாரம்!